துப்பாக்கிக்கு ஒரு சட்டம், பன்றிக்கு ஒரு சட்டம்

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் ஒன்றை ஆசிரியர் குழுவினர் எனக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். தர்மபுரி மாவட்டத்தில் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி எழுதியது. இரண்டு ஏக்கர் நிலக்கடலை, காய் முற்றும் பருவம், இரண்டே இரவில் பன்றிக் கூட்டம் உழுது போட்டுவிட்டது. அதைச் சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேட்டிருந்தார். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்துக்கொள்வது அடிப்படை உரிமையாமே, நமக்கு ஏன் இல்லை? பக்கத்து மாநிலத்தில் கொடகு மாவட்டத்தில் லைசென்ஸே வேண்டாமாமே, அது எப்படி? அரசியல் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால் என் கடலைக்காட்டைக் காக்க எனக்கு மட்டும் ஏன் கூடாது?

இரண்டு பாராவில் பதில் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு மனசு ஒப்பவில்லை. இதே கேள்வியை விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மேடையில் இருந்த நாங்கள் "அது எங்கள் துறை இல்லை" என்று சொல்லிக் கடந்துபோயிருக்கிறோம். நான் வக்கீல் இல்லை, வேளாண்மை படித்தவன். ஆனாலும் இந்த முறை சட்டப் புத்தகத்தை எடுத்துவைத்துப் படித்தேன். புரியாத இடங்களை வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791-ல் வந்தது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையில் கை வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த ஒரே வாக்கியத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட மக்கள் படையைப் பற்றியும் பேச்சு வருகிறது. அப்படியானால் உரிமை படையில் சேர்ந்தவனுக்கா, வீட்டில் இருக்கும் தனி மனிதனுக்கா என்று இரு நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்டார்கள். 2008-ல் தலைநகர் வாஷிங்டனின் கைத்துப்பாக்கித் தடை பற்றிய வழக்கில், தனி மனிதனுக்கும் உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். 2022-ல் நியூயார்க் வழக்கில், வெளியில் எடுத்துச் செல்வதற்கும் அந்த உரிமை நீளும் என்றது. 2024-ல், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவு உள்ளவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைக்கலாம் என்றது. ஆக, அங்கேயும் சண்டை ஓயவில்லை.

நமக்கு வேண்டிய செய்தி இதில் வேறு. அமெரிக்காவிலேயே காட்டுப்பன்றித் தொல்லை மிகுந்த மாநிலம் டெக்சாஸ். அங்குள்ள பன்றி அந்த மண்ணின் விலங்கு இல்லை, ஐரோப்பியர்கள் கொண்டுபோய் விட்டது. அதனால் அதற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. 2011 முதல் ஹெலிகாப்டரில் பறந்துகூடச் சுட அனுமதி இருக்கிறது. 2019 முதல், நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை லைசென்ஸே தேவையில்லை. துப்பாக்கி அடிப்படை உரிமை, சுடுவதற்குத் தடை இல்லை, ஹெலிகாப்டரும் உண்டு. இத்தனை இருந்தும் பன்றி ஒழியவில்லை. இன்னொரு மாநிலமான மிசௌரியில் 2016-ல் நேர்மாறாகச் செய்தார்கள். அரசின் இயற்கைப் பாதுகாப்பு நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தார்கள். கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி நாலு ஊருக்குப் போய்விடுகின்றன, கூட்டத்தோடு பெரிய கூண்டில் பிடிப்பதே வழி என்பது அவர்கள் கண்ட பாடம்.

பன்றியோடு மல்லுக்கட்டிய நம் விவசாயிக்கு இது புதுச் செய்தி இல்லை. சத்தம் கேட்டு ஓடிய கூட்டம் மூன்றாம் நாள் திரும்பி வருவதை அவர் பார்த்திருக்கிறார்.

நம் அரசியல் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியனிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கியது 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். வெள்ளைக்காரன் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், இந்தியன் வைத்துக்கொள்ளக் கூடாது. அகிம்சையைப் போதித்த காந்தியே இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார். 1931-ல் கராச்சி காங்கிரஸ் மாநாடு நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்று. இதை நான் இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அப்படியானால் 1950-ல் வந்த அரசியல் சட்டத்தில் அது ஏன் இல்லை? விட்டுப்போகவில்லை. பேசித்தான் விட்டார்கள். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். கராச்சித் தீர்மானத்தையும் நினைவூட்டினார். டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் கடைத்தெருவுக்குப் போய் எந்த ஆயுதத்தையும் தடையின்றி வாங்கலாம் என்றால் அரசு நிர்வாகம் எப்படி நடக்கும் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. கையில் கிடைத்த சட்டத்தில் 19-வது பிரிவு என்ன தருகிறது? அமைதியாகவும் ஆயுதம் இல்லாமலும் கூடும் உரிமை. 'ஆயுதம் இல்லாமல்' என்ற சொல் உரிமைக்கு உள்ளேயே இருக்கிறது. ஆயுதம் ஒன்று உரிமையாகப் பேசப்படும் இடம் 25-வது பிரிவின் விளக்கம் மட்டும்தான், சீக்கியர்களின் கிர்பான்.

நம் நாட்டு நீதிமன்றங்களிலும் இது எளிதில் முடியவில்லை. உயிர் வாழும் உரிமை 21-வது பிரிவில் இருக்கிறது, உயிரைக் காக்கத் துப்பாக்கி வேண்டும், எனவே அதுவும் அந்த உரிமையில் அடக்கம் என்று 1993-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. சில ஆண்டுகளிலேயே அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ரத்து செய்தது. 2023 பிப்ரவரியில், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், அமெரிக்காவைப் போல நம் அரசியல் சட்டம் யாருக்கும் அப்படி ஓர் உரிமை தரவில்லை என்று குறிப்பிட்டது.

சட்டசபையில் அம்பேத்கர் சொன்னதுதான் சரி என்பது என் கருத்து. வரப்புத் தகராறுக்கு மண்வெட்டியை ஓங்குகிற ஊர்களில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். மண்வெட்டி இருந்த இடத்தில் துப்பாக்கி இருந்திருந்தால் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடிப்படை உரிமை இல்லை என்றால் உரிமையே இல்லை என்று அர்த்தமில்லை.

யாரும் நமக்குச் சொல்லாத 13-வது பிரிவு

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவின் 3-வது உட்பிரிவைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு ஒரு குடிமகன் லைசென்ஸ் கேட்டால், அதிகாரி அதை வழங்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 'வழங்கலாம்' என்று இல்லை, 'வழங்க வேண்டும்' என்று இருக்கிறது. அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் வேறு வகை வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் தரலாம்.

அதற்காகக் கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல் நிலைய அறிக்கை வர வேண்டும். 2016 விதிகளின்படி துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ ஆகாது என்று அதிகாரி கருதினால் 14-வது பிரிவின்படி மறுக்கலாம். நடைமுறையில் இந்த 'பொது அமைதி'யில்தான் நம் மனுக்கள் பெரும்பாலும் போய் விழுகின்றன. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தேர்தலும் அறுவடையும் ஒரே மாதத்தில் வந்தால் பன்றிக்குக் கொண்டாட்டம்.

இருந்தாலும் அதே 14-வது பிரிவில் நமக்குச் சாதகமாக இரண்டு வரிகள் இருக்கின்றன. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுக்கக் கூடாது. ஒரு ஏக்கர்காரரும் கேட்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் சுருக்கமாகக் கொடுக்க வேண்டும் (பொதுநலன் கருதித் தர முடியாது என்று அதிகாரி நினைத்தாலொழிய). அந்தக் காரணத்தை வைத்து 18-வது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். நான் பார்த்த விவசாயிகளில் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. "கலெக்டர் ஆபீஸ்ல இல்லைன்னுட்டாங்க சார்" என்பதோடு சரி.

கொடகுக்கு மட்டும் என்ன சலுகை?

இப்போது இரண்டாவது கேள்வி. கொடகு 1834-ல் பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1857 கலகத்துக்குப் பிறகு நாடெங்கும் ஆயுதங்களைப் பறிமுதல் செய்தபோது, கொடகர்கள் விசுவாசமாக இருந்தார்கள் என்று சொல்லி 1861-ல் ஆணையர் மார்க் கப்பன் அவர்களுக்கு விலக்கு அளித்தார். சுதந்திரத்துக்குப் பிறகும் 1959 சட்டத்தின் 41-வது பிரிவைப் பயன்படுத்தி மத்திய அரசு அதைத் தொடர்ந்தது. கொடவ இனத்தைச் சேர்ந்தவர்களுக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் தேவையில்லை. ஜம்மா என்பது படைச் சேவைக்காக அந்தக் காலத்து அரசர்கள் பரம்பரையாகக் கொடுத்த நிலம். 2019 அக்டோபரில் வந்த அறிவிக்கை இந்த விலக்கை 2029 வரை நீட்டித்திருக்கிறது.

அங்கே துப்பாக்கி வீட்டுச் சாமான் மாதிரி. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி, சாவு விழுந்தால் இரண்டு வெடி. நாற்று நட்டு முடிந்ததும் செப்டம்பரில் கயில்பொது என்ற பண்டிகை வருகிறது, நம் ஆயுத பூஜை மாதிரி. துப்பாக்கியைத் துடைத்து வைத்துப் பூச்சூட்டிக் கும்பிடுவார்கள். அந்தப் பூ வேறு எதுவும் இல்லை, நம் செங்காந்தள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிர் செய்கிறோமே, அதே கண்வலிக் கிழங்கின் பூ.

இந்த விலக்கு அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு விரோதம் என்று ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இனத்தை வைத்தும் பாட்டன் நிலத்தை வைத்தும் ஒரு சாராருக்கு மட்டும் சலுகை தரலாமா என்பது வாதம். 2021 செப்டம்பரில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. கொடவர்கள் போர்க்குடியினர், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இந்த விலக்கு உள்ளது, வரம்பற்றதும் அல்ல, பத்து ஆண்டுக்கு நிபந்தனைகளோடு தரப்பட்டது, எனவே செல்லும் என்றது.

தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் விவசாயத்தின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு ஒரு நெருடல். கொடகின் தென்கோடி ஊர் குட்டா. சாலையில் கொஞ்ச தூரம் போனால் மாநில எல்லை, அந்தப் பக்கம் கேரள வயநாட்டின் தோல்பெட்டி. இரு பக்கமும் காப்பி, மிளகு, நெல். இரு பக்கமும் ஒரே காடு. பன்றிக்கு எல்லைக்கோடு தெரியாது. ஜம்மா நிலக்காரருக்கு லைசென்ஸ் வேண்டாம், கோட்டுக்கு அப்பால் இருப்பவர் மனு எழுத வேண்டும். அதைவிட முக்கியம், கொடகுக்குள்ளேயே அந்தக் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவருக்கு இந்த விலக்கு கிடையாது. யானையும் பன்றியும் முதலில் எதிர்ப்படுவது அவருக்குத்தான். பயிருக்கு என்ன ஆபத்து என்று கேட்டுத் தந்த சலுகை இல்லை இது. பாட்டன் யாரிடம் வாள் பிடித்தான் என்று கேட்டுத் தந்தது.

கையில் துப்பாக்கி இருந்தாலும்...

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். லைசென்ஸ் கிடைத்துவிட்டது, அல்லது கொடகைப் போல லைசென்ஸே தேவையில்லை என்று வைத்துக்கொள்வோம். பன்றியைச் சுடலாமா? சுடக் கூடாது. துப்பாக்கியை ஆள்வது ஆயுதச் சட்டம். பன்றியை ஆள்வது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றைத் திறக்காது. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நிற்கும் பயிருக்கு ஆபத்து என்றால், 11-வது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் அனுமதி தரலாம். 62-வது பிரிவின்படி, குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கைத் 'தீங்குயிர்' என்று மத்திய அரசு அறிவிக்கலாம். பீகாரில் நீலான் என்ற மானையும் காட்டுப்பன்றியையும், உத்தராகண்டில் காட்டுப்பன்றியையும், இமாசலத்தில் குரங்கையும் 2015, 2016-ல் அப்படி அறிவித்தார்கள். கேரளத்தில் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி தரும் அதிகாரம் கொடுத்தார்கள். சுடுவது லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவராக இருக்க வேண்டும் என்பதால், அனுமதி கையில் இருந்தும் ஆள் தேடி அலைய வேண்டிய நிலை பல ஊர்களில்.

தமிழகத்தில் 2025 ஜனவரியில் அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், சுடுவது வனத்துறையினர். விவசாயி சுட முடியாது. கடிதம் எழுதிய நண்பரே, மலையடிவாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காடு பெரும்பாலும் முதல் வட்டத்திலோ இரண்டாவதிலோ விழும். நீங்கள் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கினாலும் உங்கள் நிலத்தில் அதற்கு வேலை இல்லை.

லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு சிறை. பட்டறையில் செய்து கொடுத்தவருக்குக் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். பன்றியை மிரட்டத்தான் வைத்திருந்தேன் என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

ஒரு கம்பிவேலி

இத்தனை எழுதக் காரணம் ஒன்று உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த வட்டாரத்தில் ஒரு விவசாயி என் அலுவலகத்துக்கு வந்தார். நிலக்கடலை, பன்றித் தொல்லை, துப்பாக்கிக்கு மனு கொடுக்கலாமா என்று கேட்டார். "அதெல்லாம் கிடைக்காதுங்க" என்று சொல்லி, வரப்போரம் ஆமணக்கு நடுவது, பழைய சேலை கட்டுவது என்று வழக்கமானதைச் சொல்லி அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து, மோட்டார் கொட்டகையிலிருந்து நேர் மின்சாரத்தை இழுத்துக் காட்டைச் சுற்றிக் கம்பி கட்டியிருக்கிறார். விடியற்காலை மடை திருப்ப வந்த பக்கத்துக் காட்டுக்காரரின் மகன் அதில் மாட்டிக்கொண்டான். இருபது வயசு. ஒருவர் மகனை இழந்தார், ஒருவர் சிறைக்குப் போனார். கடலை பறிக்க ஆள் இல்லாமல் காட்டிலேயே முளைத்துப் போனது.

அன்று எனக்கு 13-வது பிரிவும் தெரியாது, 11-வது பிரிவும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் துப்பாக்கி வாங்கியிருப்பார் என்று சொல்லவில்லை. ஒரு மனுவை எழுதிக் கொடுத்திருப்பேன், அதன் பின்னாலாவது நாலு நாள் நடந்திருப்பார். "கிடைக்காது" என்று நான் சொன்னதும் அவருக்கு மிச்சம் இருந்த வழி மோட்டார் கொட்டகைதான்.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படிப்பட்ட கம்பியில் மூன்று யானைகள் செத்ததைப் படித்திருப்பீர்கள். அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழகத்தில் விதி வந்தது. சோலார் வேலி விட்டுவிட்டு அடிக்கும், உதைத்துத் தள்ளும். நேர் மின்சாரம் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடிதம் எழுதிய நண்பருடன் போன வாரம் போனில் பேசினேன். மூன்று மனுக்கள் எழுதச் சொன்னேன். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு அடங்கல் நகலும் படங்களும் வைத்து வனச்சரகருக்கு ஒன்று. அவர் நிலம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கி.மீ., எந்த வட்டத்தில் வருகிறது, அதற்கேற்பப் பிடிப்பார்களா என்று எழுத்தில் கேட்டு இன்னொன்று. சோலார் வேலி மானியத்துக்கு எங்கள் பொறியியல் துறைக்கு ஒன்று. மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கச் சொன்னேன்.

"துப்பாக்கி மனு வேணாங்களா சார்?" என்றார்.

"உங்க காடு 3 கி.மீ.க்கு அப்பால இருந்தா மேல பேசுவோம். இல்லேன்னா வாங்கிட்டுப் போய்ப் பரண்ல போடத்தான் ஆகும்" என்றேன்.

"கடலை போயிருச்சுங்க. அடுத்த பட்டத்துக்கு மரவள்ளி வைக்கலாம்னு இருக்கேன். அதையும் பன்னி தோண்டுமே?"

தோண்டும் என்றேன். கிழங்கு இறங்குவதற்குள் வேலி வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.